பதினொன்றாம் பக்கம்

கோர்ட் தாழ்வாரத்தில் அவளுக்கு ஓசி வக்கீல் என்று பெயர். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கமே ஒரு வக்கீலைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா, அந்த ஒரு வக்கீல் அவள்தான். முப்பது வருடமாக அதே வேலை. ஓசியில் கிடைப்பதற்கு என்ன மரியாதை உண்டோ அது அவளுக்கும் உண்டு. "நல்ல வக்கீலா வைக்க முடியலை, இவங்கதான் கெடச்சாங்க" என்று கட்சிக்காரர்கள் அவள் காதுபடவே சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்வார்கள். அவளும் பக்கத்திலேயே நின்று, ஆமாம் என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டு, கேஸ் கட்டைப் பிரித்துப் படிப்பாள்.

காலை ஒன்பதரைக்கு முப்பது கேஸ் கட்டுகளை இடுப்போடு அணைத்தபடி தாழ்வாரத்துக்கு வருவாள். ஒவ்வொரு கட்டின் மேலும் எழுதியிருக்கிற பெயரை உரக்கக் கூப்பிடுவாள். யார் கை தூக்குகிறாரோ அவர்தான் கட்சிக்காரர். முகத்தைப் பார்ப்பதே அப்போதுதான். சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஏழு நிமிடம் கிடைக்கும், சில நாள் ஐந்து. ஒருமுறை ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து தொலைத்தார்கள். குடித்துவிட்டுச் சத்தம் போட்டவரிடம், "சைக்கிளை எங்க வச்சீங்க, உண்மையச் சொல்லுங்க" என்று அவள் துருவித் துருவிக் கேட்க, தனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது என்று அந்த மனிதர் அழாத குறையாகச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் சிரிப்பு வராது.

இவள் கதையைச் சொல்ல வேண்டிய காரணம், மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானதுதான். எல்லோரும் அதைப் பெரிய கோர்ட்டு என்பார்கள். ஏழு நாற்காலி. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மிச்சம் இருந்த ஆறு பேரில் நான்கு பேர் அரசு வக்கீலாக இருந்து குற்றவாளிகளை உள்ளே அனுப்பியவர்கள், இரண்டு பேர் பெரிய பெரிய கம்பெனிகளுக்காக வாதாடியவர்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. படித்தவர்கள், கை சுத்தமானவர்கள். ஆனால் கை தூக்குகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய ஒரு ஆள் அந்த நாற்காலிகளில் இதுவரை உட்கார்ந்ததே கிடையாது. இது யாருக்கும் விசித்திரமாகப் பட்டதாகவும் தெரியவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிற ஏழு டாக்டரும் பல் டாக்டராக இருந்தால் ஊர் சும்மா விடுமா?

இந்த முறை என்ன நினைத்தார்களோ, "பலதரப்பட்ட சட்டப்பணி அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அவள் கணவர்தான் அதைப் பார்த்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. அறிவிப்பைக் கத்தரித்து அவளுடைய டீ டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"இது என்னங்க?"

"கண்ணு தெரியலையா? கடைக்கு வா, நம்பர் பாத்து விடறேன்."

"எனக்கெல்லாம் யாருங்க குடுப்பா?"

"கேட்டுப் பாரேன். கேக்கறதுதானே, அதுவும் ஓசிதான்."

அவள் சிரித்துவிட்டுத் துண்டுக் காகிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும் போல இருந்தது. எவ்வளவு வேண்டும் போல இருந்தது என்று பஸ்ஸில் போகும்போதுதான் தெரிந்தது. ஐம்பத்தாறு வயதில், பள்ளிக்கூடப் பெண் பரிசுக் கோப்பைக்கு ஏங்குவது போல ஏங்கினாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்தாள்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். யாரை மனதில் வைத்து அச்சடித்தார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எந்தச் சட்ட நிறுவனத்தில் பங்குதாரர்? இல்லை. நீங்கள் ஆலோசனை சொன்ன முக்கிய நிறுவனங்கள்? இல்லை. பெரிய கோர்ட்டில் நேரில் வாதாடிய பத்து வழக்குகள்? யோசித்து யோசித்து இரண்டு எழுதினாள். அவள் ஜெயித்த வழக்குகளுக்குத் தீர்ப்பே கிடையாது. மத்தியானத்துக்குள் வழக்கு கைவிடப்படும், மனிதர் வீட்டுக்குப் போய்விடுவார், ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சாது.

கணவர் எட்டிப் பார்த்தார். "பத்து கேட்டா ரெண்டுதான் இருக்கு?"

"மத்ததெல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சுங்க."

பதினொன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. கேள்வி இதுதான்: 'உங்கள் தொழில் வாழ்க்கையில் தேர்வுக் குழு அறிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கருதும் நிகழ்வு ஏதேனும் உண்டா? விருப்பமிருந்தால் மட்டும் எழுதவும்.' மற்றவர்கள் வாங்கிய விருதை எழுதுவார்கள், அல்லது காலியாக விடுவார்கள். அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரு பெயின்டர்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு முப்பத்தொரு கட்டு. பதினெட்டாவது பெயரைக் கூப்பிட்டபோது, ஒரு கையைப் போலீஸ்காரர் பிடித்திருக்க, இன்னொரு கையைத் தூக்கினார் அவர். வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர், இருபத்தெட்டு வயது, நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயின்ட். வேலை செய்த வீட்டில் ஒரு கேமரா காணாமல் போயிருந்தது. சந்தேகம் வேறு எங்கும் சுற்றாமல் நேராக ஏணி மேல் ஏறி நின்றது. ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் ஒன்பது நாள் உள்ளே இருந்துவிட்டார். அரசு வக்கீல் ஒரு வழி சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த ஒன்பது நாளையே தண்டனையாக வைத்துக்கொள்ளலாம், இன்றே வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்து, அதுவரை உள்ளேதான்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டாள். "இன்னைக்கு வீட்டுக்குப் போகணுமா, வேண்டாமா?"

வீட்டில் ஒரு மாதக் கைக்குழந்தை. "போகணுங்க" என்றார்.

கோர்ட்டுக்குள் போய், செய்தேன் என்று ஒப்புக்கொண்டார். 'முழுவதும் புரிந்துகொண்டு, தன் விருப்பத்தின் பேரில் ஒப்புக்கொண்டார்' என்று எழுத்தர் எழுதினார். அவளைக் கேட்டால் அன்றைக்கு நல்ல நாள் என்றே சொல்லியிருப்பாள். ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்ட திருப்தியோடு பத்தொன்பதாவது பெயரைக் கூப்பிட்டாள்.

ஏழு வருடம் கழித்து, அவள் பல் வலியோடு போய் உட்கார்ந்த ஒரு கிளினிக்கில் அவர் ஏணியில் நின்று கூரைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து நலம் விசாரித்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலைக்கு எழுதிப் போட்டாராம். எல்லாம் கூடி வந்து, கடைசியில் பழைய கேஸ் வெளியே வந்ததாம். "திருட்டுக் கேஸ் இருக்கு, இவர நம்பிக் கொழந்தைங்கள எப்படி அனுப்பறதுன்னாங்க. நியாயந்தாங்க. ஆனா அன்னைக்கு நீங்க சொல்லலையேம்மா, இது கூடவே வரும்னு." குரலில் பொட்டுக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்றைக்குப் பல்லைப் பிடுங்காமலே வீட்டுக்குப் போனாள்.

அதிலிருந்து அவள் பெஞ்சில் உட்கார்ந்தால் முதல் பேச்சு, "ஒத்துக்கிட்டா இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனா இது ஆயுசுக்கும் கூட வரும்" என்பதுதான். முதல் பதினைந்து வருடம் அதைக் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

"இத எழுதியே ஆகணுமா?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரிஞ்சு அந்த ஆறு பேருக்கும் தெரியாதது இது ஒண்ணுதாங்க. இத விட்டுட்டா நான் எதுக்கு அங்க?"

கட்சிக்காரரிடம் பேசியதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. சனிக்கிழமை பெயின்ட் கடைகளில் விசாரித்துக்கொண்டு போனாள். பாதி கட்டி முடித்த ஒரு வீட்டில், ஐம்பது வயதில், வலிக்கிற முழங்காலோடு, இன்னும் ஏணி மேல்தான் இருந்தார் பெயின்டர். அவளைப் பார்த்ததும் இறங்கி, ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் பேப்பர் விரித்து உட்கார வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தன்னுடைய தப்பு என்று சொன்னாள். அவர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அன்னைக்கு நான் எடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

ஆறுதலாகச் சொல்லப் பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள். "எடுத்தீங்கன்னும் நெனைக்கலை, எடுக்கலைன்னும் நெனைக்கலைங்க. நான் உங்களக் கேக்கவே இல்லை."

அவர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நான் எடுக்கலைம்மா."

"சரிங்க."

"சும்மா, சொல்லணும்னு தோணுச்சு."

முப்பது வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கானவர்களுக்காகப் பேசியிருக்கிறாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு அன்றைக்கு நாலு வினாடி ஆகியிருக்கும். ஏழு நிமிடத்தில் அதற்கு இடம் இருந்தது.

"எழுதிக்குங்க" என்றார் பெயின்டர். "ஆனா ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. எம் பொண்ணுக்கு இது தெரியாது. பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. நானே சொல்லிடறேன்."

ஞாயிறு சாயங்காலம் போன் வந்தது. "சொல்லிட்டேங்க."

"என்ன சொன்னா?"

"பயங்கரமாத் திட்டினா. என்னையில்ல, உங்கள." இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "அப்புறம், இத இப்ப மாத்த முடியுமான்னு கேளுங்கப்பான்னா."

மாற்ற முடியும். ஒப்புக்கொண்டது செல்லாது என்று மனுப் போடலாம். ஆனால் விளைவுகளை எடுத்துச் சொல்லவில்லை என்று அன்றைய வக்கீலே கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். தன் தப்பைத் தானே சொல்ல எந்த வக்கீல் வருவார்? அவள் வருவதாகச் சொன்னாள். சாட்சியாக நிற்கப்போகிறவள் வாதாடக் கூடாது என்பதால், பக்கத்து ஊர் இலவச சட்ட உதவி வக்கீலிடம் மனுவை ஒப்படைத்தாள். பதினொன்றாம் பக்கத்தையும், மனுவைப் பற்றியும் சேர்த்து எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

நேர்காணலில் ஐந்து பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அவர்தான் தலைவர். ஓரத்தில் இருந்த முன்னாள் அரசு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"முப்பது வருஷமா ஒரே பக்கம் நின்னு பேசியிருக்கீங்க. நடுவுல உக்காந்து பாக்க முடியுமா?"

"அரசு வக்கீலா இருந்து அங்க போனவங்க நாலு பேருங்க. அவங்களையும் இந்தக் கேள்வி கேட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யாரோ இருமினார்கள், தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு பதினொன்றாம் பக்கத்தைப் பிரித்து, "இதை ஏன் எழுதினீங்க?" என்றார்.

"'முழுவதும் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்'னு இந்த மாநிலத்துல எத்தனையோ ஆயிரம் கட்டுல இருக்குங்க. பெரிய கோர்ட்டு அதப் படிச்சிட்டு, அதான் எழுதியிருக்குல்லன்னு அப்பீலத் தள்ளிடுது. அந்த வரி எப்படி உருவாகுதுன்னு எனக்குத் தெரியும். நான் உருவாக்கியிருக்கேன். அதப் படிக்கிற ஏழு பேர்ல ஒருத்தருக்காவது அது தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு."

முன்னாள் அரசு வக்கீல் ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், கணவரும் அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தலைவரே போனில் வந்தார். நல்ல மனிதர், நல்லதைத்தான் நினைத்தார். "அஞ்சுல மூணு பேர் உங்க பக்கம்மா. இது நடக்கப் போகுது. ஆனா அந்தப் பக்கத்தோட அனுப்பினா, அப்பாவிய மாட்டி விட்டவங்கள ஜட்ஜாக்கிட்டாங்கன்னு பேப்பர்ல கிழிச்சிடுவாங்க. மேல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்த ஒரு பக்கத்தக் காலியா மாத்திக் குடுங்க. விருப்பக் கேள்விதானே, பொய்யில்லையே."

"அந்த மனு?"

"இங்க காலின்னு குடுத்துட்டு அங்க போய் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஒண்ணு இது, இல்ல அது. நீங்க உள்ள வந்துட்டா எத்தனை பேருக்கு நல்லது செய்யலாம், யோசிச்சுப் பாருங்க."

இதில்தான் சிக்கல். அவர் சொன்னது தப்பில்லை. ஒரு பெயின்டர் பொறுத்துக்கொண்டால் ஆயிரம் பெயின்டருக்கு அங்கே ஒரு ஆள் இருக்கும். போனை வைத்துவிட்டு, மடித்த சட்டையையே மறுபடியும் உதறி மடித்தாள்.

"உனக்கு அது வேணுமா?" என்றார் கணவர்.

"வேணுங்க. ரொம்ப வேணும்." சொல்லிவிட்டு அழுதாள். மூக்கைத் துடைக்க மடித்த துணியில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார் அவர். என்ன செய் என்று சொல்லவில்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது.

மறுநாள் வழக்கம்போல் தாழ்வாரம். பெயரைக் கூப்பிட்டாள், கைகள் எழுந்தன. பெஞ்சில் ஒரு சின்னப் பெண், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், வக்கீலம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதச் செய்யறேங்க" என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பெயின்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், ஞாபகமில்லை. இவ்வளவு நம்பிக்கையை யார் கேட்டது என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஆயிரம் பேருக்கு நல்லது செய்வதற்காக ஒருவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது. அன்றைக்கு முப்பத்தொரு கட்டோடு நின்றபோது அவள் செய்ததும் அதுதான். பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைவரைக் கூப்பிட்டாள்.

"பக்கம் அப்படியே இருக்கட்டுங்க."

"வருத்தமா இருக்கும்மா" என்றார்.

"எனக்கும்தாங்க."

நியமனச் செய்தி இரண்டு வாரத்தில் வந்தது. ஒரு அரசு வக்கீல். கெட்டிக்காரர், நல்ல பெயர் உள்ளவர். நான்கு ஐந்தாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். தாழ்வாரத்தில் காவலர் ஒருவர் அவளிடம் வந்து, "நீங்க போயிடுவீங்கன்னு பயந்துட்டே இருந்தேம்மா" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் சிரித்த முகத்தோடு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் இருந்தாள். வாழ்க்கையில் தனக்கென்று அவள் கேட்ட ஒரே பொருள் அது. பறிகொடுத்தது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் நான் பொய் சொல்கிறவனாவேன்.

மனு விசாரணைக்கு வர மூன்று மாதம் ஆனது. சின்ன கோர்ட், இரண்டாவது மாடி. அவள் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, அங்கே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எத்தனை நிமிடம் பேசினீர்கள்? ஏழு. பின்விளைவு பற்றிச் சொன்னீர்களா? இல்லை. குற்றம் செய்தாரா என்று கேட்டீர்களா? இல்லை. ஒவ்வொரு இல்லையையும் எழுத்தர் தட்டச்சு செய்தார். அரசுத் தரப்பில் ஆட்சேபனை இல்லை என்றார்கள். கேமராவின் சொந்தக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், சாட்சி என்று யாரும் கிடையாது, மறுத்தால் கேஸ் நிற்காது. நீதிபதிக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். பழைய ஒப்புதலை ரத்து செய்வதாகச் சொல்லிவிட்டு, முறைப்படி மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார்.

பெயின்டர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பின்வரிசையில் அவர் மனைவியும், வக்கீலம்மாவை இன்னும் மன்னிக்காத முகத்தோடு மகளும்.

"உங்க மேல சொல்லப்பட்ட குற்றத்தச் செஞ்சீங்களா?"

"செய்யலைங்க!"

அறையே திடுக்கிட்டது. எழுத்தரின் விரல் தட்டச்சில் தவறிப் போனது. வாசலில் தூங்கி வழிந்துகொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

நீதிபதி கையை உயர்த்தினார். "மெதுவாச் சொன்னாலே போதுங்க. கேக்குது."

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார் பெயின்டர். "இருபத்திரண்டு வருஷமா மெதுவாத்தான் சொல்லிட்டிருந்தேன்."

வக்கீலம்மா சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அழுதாள். எழுத்தர் தவறிய எழுத்தை அழித்துவிட்டு, அந்த ஒரு வார்த்தையை முதலிலிருந்து அடித்தார். அவர் அடித்து முடிக்கும்வரை பெயின்டர் உட்காரவில்லை.